சட்டமும் கிணற்று நீரும்

நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களின் வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலனாகும். அவற்றுட் பல ஆட்சியாளரின் முன்னறிவினாற் பிறந்தவை அல்ல. எளிய மக்களின் சாவுக்குப் பின் பிறந்தவை. ஜப்பானின் மினமாட்டாக் குடாவில் இரசாயனத் தொழிற்சாலையொன்று கொட்டிய பாதரசம் மீன்களிற் சேர்ந்து, அம்மீனை உண்ட மீனவக் குடும்பங்களின் நரம்புகளை முடக்கியமை 1956இல் வெளிப்பட்டது. அக்கழிவு நின்றதோ 1968இல். ஜப்பானியப் பாராளுமன்றம் மாசுபடுதலுக்கு எதிராக 14 சட்டங்களை ஒருங்கே நிறைவேற்றியதோ 1970இல். போபாலில் 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இந்தியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. இத்தாலியிலிருந்து நைஜீரியாவின் கோகோ என்னும் ஊருக்கு அனுப்பப்பட்ட நச்சுக் கழிவுகள் 1988இல் அம்பலமாயின. செல்வ நாடுகளின் நஞ்சு வறிய நாடுகளின் முற்றத்திற் கொட்டப்படுவதைத் தடுக்க முனைந்த பாசல் உடன்படிக்கை 1989இல் உருவாயிற்று.

சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்து நோக்கின், எமது நாடு பின்தங்கியது என்று எவரும் கூறார். தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டிலேயே, 47ஆம் இலக்கச் சட்டமாக, இயற்றப்பட்டுவிட்டது. பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே ஆண்டிற்குரியது. சுற்றாடற் சட்டத்திற்கு 1988இல் வந்த திருத்தம், பெருந்திட்டங்கள் தொடங்குமுன் அவற்றால் விளையக்கூடிய தாக்கத்தை மதிப்பிட வேண்டுமென விதித்தது. சூழலை மாசுபடுத்தும் கழிவை அனுமதிப்பத்திரமின்றி எவரும் வெளியேற்றலாகாது என்பதும் சட்டத்தின் கட்டளையாகும். இலங்கை 1992இல் பாசல் உடன்படிக்கையில் இணைந்தது. அபாயகரமான கழிவை உண்டாக்குவோர், சேகரிப்போர், ஏற்றிச் செல்வோர், அழிப்போர் யாவரும் அனுமதி பெறவேண்டும் என்ற விதிகள் 2008இல் வர்த்தமானியில் வெளியாயின.

நான் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும், வாசிப்புப் பயிற்சிக்கென உயர்வகுப்பு மாணவரிடம் இவ்விதிகளுட் சிலவற்றை ஒருமுறை கொடுத்தேன். அவற்றின் நீண்ட வாக்கியங்களைப் பிரித்துப் பொருள்காண வேண்டும் என்பதே பணி. தோட்டக்காரரொருவரின் மகன் எழுந்து, “சட்டம் முந்தியே இருந்தது எண்டால், சுன்னாகத்துக் கிணறுகள் எப்பிடிப் பழுதானது, சேர்?” என்று கேட்டான். இலக்கணப் பாடத்திற்குள் அடங்காத கேள்வி அது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீர் மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது. அதுவே எமது குடிநீர். அதுவே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைக்கும் நீர். நிலத்தின் மேல் ஊற்றுவது எதுவாயினும், நாளடைவில் அயலவன் கிணற்றைச் சென்றடைய வழியுண்டு. வேலி நிலத்தைப் பிரிக்குமேயன்றி, நிலத்தடி நீரைப் பிரிக்காது.

இத்தகைய நிலத்திலேதான், சுன்னாகத்தில் அனல்மின் நிலையமொன்றை அண்டிய கிணறுகளில் ஒயில் மிதந்தது. அம்முறைப்பாடு 2014இன் பிற்பகுதியிலும் 2015இலும் குடாநாட்டையே உலுக்கியது. பவுசர்களிற் குடிநீர் கொண்டுவரப்பட்டது. வசதியுள்ளோர் போத்தல் நீரை வாங்கினர். கூலி வேலைக்குச் செல்வோர் வாளியும் கலனுமாகத் தெருவிற் காத்திருந்தனர். நிபுணர்களின் அறிக்கைகளோ ஒன்றுக்கொன்று முரணாயின. ஒன்று கிணறுகளில் எண்ணெய் உண்டென்றது. மற்றொன்று அஞ்சத்தக்க மாசு இல்லையென்றது. தன் கிணற்றைத் தானே முகர்ந்து பார்த்த விவசாயி எதனை நம்புவான்?

போரினால் இருண்டு கிடந்த மண்ணுக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்று அறிவுடைய எவரும் வாதிடார். அதன் விலையை யார் கொடுப்பது என்பதே வினா. இலாபம் ஒருவரைச் சேர, கழிவு மற்றொருவரின் கிணற்றைச் சேருமாயின், அதனை அபிவிருத்தி என்றழைத்தல் தகுமா?

இவ்விடயத்தை அடிப்படை உரிமை மனுவாக 2015இல் உயர் நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்னும் சிங்களச் சுற்றாடல் ஆர்வலர். அவரது கிணறு சுன்னாகத்தில் இல்லை; அந்நீரை அருந்துவோர் பேசும் மொழியும் அவரது தாய்மொழி அன்று. நஞ்சு இனம் பார்த்துப் பாய்வதில்லை என்பதை அறிந்தோர்க்கு, நீதி மட்டும் இனம் பார்த்து நிற்கவேண்டும் என்று தோன்றாது. இனவாதம் பேசிப் பதவி தேடுவோர் இரு புறத்திலும் மலிந்த நாட்டில், இவ்வொரு மனுவை எம் மாணவர்க்கு எடுத்துக்கூறுதல் ஆசிரியரின் கடன் என்று கருதுகிறேன்.

2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சட்டம் தம்மீது சுமத்திய கடமையைப் பொறுப்பான அரச நிறுவனங்கள் நிறைவேற்றவில்லை என்றும், அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் சமத்துவ உரிமை அப்பகுதி மக்களுக்கு மீறப்பட்டது என்றும் நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவனே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டின்படி, மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி பணிக்கப்பட்டது.

இத்தீர்ப்பின் சிறப்பை நான் குறைத்து மதிப்பிடேன். ஆயினும், மனுவுக்கும் தீர்ப்புக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன. நிலத்தடியிற் கலந்த எண்ணெய் வழக்குத் தவணைக்காகக் காத்திருப்பதில்லை. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கப் பணம் உதவும். சுண்ணாம்புக்கல்லின் பொந்துகளைக் கழுவும் வல்லமை எந்த நாணயத்துக்கும் இல்லை. இழப்பீடு என்பது சட்டம் தோற்ற பின்னர் கிடைக்கும் ஆறுதலே. அதன் வெற்றி, கழிவு நிலத்தில் விழுமுன் தடுப்பதில் இருக்கிறது.

அம்மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: சட்டம் இருந்தது, அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள் யாவை, அவை பேணப்படுகின்றனவா என்று உரிய காலத்தில் உரத்துக் கேட்கும் மக்கட்குரல் போதியதாக இருக்கவில்லை. அதிகாரி தூங்கும்போது அவனை எழுப்பும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. அவ்வுரிமையை அறியாத மக்களிடையே மிகச் சிறந்த சட்டமும் அலுமாரியிலேயே உறங்கும்.

இன்று அக்குரலுக்கு ஒரு கருவியும் கிடைத்துள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தன் ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு வழங்கப்பட்ட சுற்றாடல் அனுமதியையும், அயற் கிணறுகளின் நீர்ப்பரிசோதனை முடிவுகளையும் எக்குடிமகனும் அரச நிறுவனத்திடம் கேட்கலாம். அதுவும் தன் மொழியிலேயே கேட்கலாம். கடிதம் எழுதக் கற்பிக்கும் நாம், நண்பனுக்குச் சுற்றுலா பற்றி எழுதும் கடிதத்தோடு இவ்விண்ணப்பத்தையும் கற்பித்தால் என்ன? கிடைக்கும் விடையை ஒவ்வொரு சனசமூக நிலையத்தின் பலகையிலும், தோட்டத்தால் வருகிறவன் நின்று வாசிக்கத்தக்க எளிய தமிழில், ஒட்டி வைப்போம். பரிசோதனை நடைபெறவில்லை என்று விடை வருமாயின், அதனையும் ஒட்டுவோம்.