புழுதி விதைப்பு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் சித்திரை மாதத்து நண்பகலில் பயணம் செய்தவர்கள், கரிசல் மண்ணின் ஒரு முகத்தை மட்டுமே கண்டிருப்பார்கள். எங்கு நோக்கினும் சீமைக்கருவேலம். அதற்கப்பால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கருநிலம். அந்த வெடிப்புகளுக்குள் சிறுவனின் கால் எளிதில் இறங்கிவிடும். குண்டாற்றில் மணல்மேல் வெயில்தான் ஓடும். அந்த மண்ணில் பிறந்தவன் நான். ஞாயிறுதோறும் மறையுரையில் கேட்ட ‘விசுவாசம்’ என்னும் சொல்லுக்கு எனக்குப் பொருள் சொல்லித் தந்ததும் அந்த மண்தான்.

எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகள் பெரிதும் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அப்பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் விதைப்போ அதற்கு முன்பே, புரட்டாசியிலேயே நடந்துவிடும். துளி ஈரமில்லாத புழுதியில் சோளத்தையும் பருத்தியையும் விதைப்பார்கள். இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர்.

சிறுவயதில் இது எனக்கு மூடத்தனமாகவே தோன்றியது. மழை பெய்த பிறகு விதைத்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். “மழை பேஞ்ச கரிசலுக்குள்ளே காலை வச்சுப் பாரு, தெரியும்” என்றார். நனைந்த கரிசல் காலைப் பற்றினால் விடாது, ஏரும் இறங்காது. அது பதத்திற்கு வருவதற்குள் பருவத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். மழையைக் கண்ட பின்பே விதைப்பேன் என்று இருப்பவனுக்கு, மழை வந்தும் முழுப்பயன் இல்லை.

இன்னொன்றையும் அப்பா கற்றுத் தந்தார். புழுதியில் போடும் விதை இரண்டு அங்குல ஆழத்திலாவது விழவேண்டும். மேலாக விழுந்த விதை முதல் தூறலுக்கே ஏமாந்து முளைத்துவிடும். அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதையோ, மண் நன்றாக நனையும்வரை பொறுத்திருக்கும். விதைப்பவர் உவமையில் ஆழமில்லாத மண்ணில் விழுந்த விதையைப் பற்றி ஆண்டவர் சொன்னதை, நற்செய்தியைப் படிக்குமுன்பே நான் எங்கள் காட்டில் பார்த்துவிட்டேன்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இது ஓர் அழகான பாடமாக முடிந்துவிடும். ஆனால் 2016-ஆம் ஆண்டை நான் மறைக்க முடியாது.

அவ்வாண்டும் அப்பா புரட்டாசியில் விதைத்தார். ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. தமிழகம் முழுவதிலும் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்துபோன ஆண்டு அது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. எங்கள் ஊரில் மேலாக விதைத்தவர்களின் பயிர் தூறலில் முளைத்துக் கருகிற்று. ஆழமாக விதைத்த எங்கள் காட்டிலோ ஒன்றுமே முளைக்கவில்லை. எறும்பும் கறையானும் தின்றது போக மிஞ்சியதும் மண்ணிலேயே மக்கியது. ஆழமாக விதைத்தவனுக்கும் அறுவடை இல்லாத ஆண்டுகள் உண்டு.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரு வாரங்களுக்கு முன் மதுரையிலிருந்து ஊருக்கு வந்தேன். நிலத்தை விலைக்குக் கேட்டவர் ஒருவர் இருந்தார். அவரிடம் பேசி முடிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். எங்கள் குடும்பம் அந்த ஆண்டு செபித்த செபங்களை நினைத்து எனக்கு இறைவன்மேலேயே கோபம் இருந்தது.

அன்று மாலை அப்பா, அடுத்த விதைப்புக்கென ஒதுக்கி வைத்திருந்த கம்பிலிருந்து இரண்டு கை அள்ளினார். ஓட்டைத் தட்டுகளில் மண்ணைப் பரப்பி, தம் குடத்துத் தண்ணீரையே தெளித்து, அதில் விதைத்தார். குடிலில் வைப்பதற்கு ஆண்டுதோறும் இப்படி முளைகட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் குடத்துத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் அந்த ஆண்டிலுமா? என் எரிச்சலை அடக்க முடியவில்லை. “விதைக்கே பஞ்சம், இது எதுக்குப்பா?” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “பிள்ளை பொறக்குற வீட்டுலே ஒரு பச்சைகூட இல்லாம இருக்கலாமாய்யா?”

நடுச்சாமத் திருப்பலிக்குச் சென்றவர்கள் எல்லாரும் குடிலின்முன் சற்று நேரம் கூடுதலாகவே நின்றார்கள். குழந்தை இயேசுவைச் சுற்றி விரற்கடை உயரத்தில் நின்ற அந்தக் கம்பம் நாற்றுத்தான் அவ்வாண்டு எங்கள் ஊர் கண்ட ஒரே பயிர். ஒரு மூதாட்டி குனிந்து அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நிலத்தை விற்பது பற்றி நான் அப்பாவிடம் பேசவில்லை. என் கோபம் தீர்ந்ததாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தோடேயே குடிலின்முன் முழந்தாளிட முடிந்தது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே, ஓரியூர் மணலில், 1693-இல் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு இறந்தார். அந்த மறவர் நாட்டில் தாம் விதைத்தது முளைக்குமா என்று அவர் கண்டுவிட்டுச் சாகவில்லை. திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது 1947-இல். இடையே 254 ஆண்டுகள். அவரும் புழுதியில் விதைத்தவர்தாம். விளைச்சல் உறுதி என்பதால் விதைப்பது கணக்கு. விதைப்பது நம் பங்கு என்பதால் விதைப்பதே விசுவாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவக்காலத்து முதல் நாளில் நெற்றியில் சாம்பல் பூசி, நாம் மண் என்பதை நினைவூட்டுகிறார்களே, அப்போதெல்லாம் நான் எங்கள் கரிசலை நினைத்துக்கொள்வேன். மண்ணாக இருப்பது இழிவல்ல. விதையை ஏற்கக்கூடியது மண் ஒன்றுதானே!

2017 புரட்டாசியில், மீதியிருந்த விதையோடு அப்பா மீண்டும் காட்டில் இறங்கினார். இப்போது அவர் இல்லை. ஆண்டுதோறும் விதைப்பு நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு நான் ஊருக்குப் போகிறேன். கடைசியாகப் போனபோதும் வானம் வெளுத்தே கிடந்தது. கைநிறைய விதையை அள்ளிச் சிலுவை அடையாளம் வரைந்தேன். பிறகு, ஆழமாகவே போடுங்கள் என்று சொன்னேன்.