பன்னிரண்டு வோல்ட் ரயில்

மின்சாரத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: தொடாதே. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே, ஸ்டே கம்பியைப் பிடிக்காதே, கிணற்று மோட்டார் பக்கம் போகாதே. சொல்லியே ஆகவேண்டிய சொல்தான். அறுந்து கிடந்த கம்பியை மிதித்து மாடு செத்த கதை இங்கே ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அருப்புக்கோட்டைத் தறியும் மில்லும், திருச்சுழிப் பக்கத்துக் கிணற்று மோட்டாரும் மின்சாரத்தால்தான் ஓடுகின்றன. அப்படிப்பட்ட வறண்ட சீமையில் வளரும் பிள்ளை அதைப் பற்றிப் பயத்தை மட்டும் தெரிந்துகொண்டு வளர்வது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அந்தக் குறையைத் தீர்க்கும் சாமான் ஒன்று எங்கள் வீட்டுக்கே வந்தது: மின்சாரத்தில் ஓடும் விளையாட்டு ரயில்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் என் அக்கா மகளுக்காக வாங்கி வந்தது. எச்ஓ அளவு என்பார்கள். நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1,435 வரும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் உள்ள பாதை. நம்முடைய அகலப் பாதை 1,676. விருதுநகரிலிருந்து 1963இல் அருப்புக்கோட்டைக்கு வந்து, மறு ஆண்டு திருச்சுழி வழியாக மானாமதுரையைத் தொட்ட பழைய மீட்டர் கேஜ் பாதை 1,000. அதை இதே அளவில் செய்ய 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போதும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்கென்று அப்படி ஒன்று விற்கவும் செய்கிறார்கள். அகலப் பாதை போட்டபோது மறைந்துபோன அந்தச் சின்ன ரயிலை, நரிக்குடி ஸ்டேஷன்வரை ஒரு மேசைமேல் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எஞ்சினும் தண்டவாளமும் அப்படியே பயன்பட்டன. கூட வந்த மின்பெட்டிதான் இங்கே ஆகாது. அதன் அடியில் 120 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. ஆகவே மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். இந்தக் கடைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கோடை முற்றி, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும் நாளில் ஒரு மோட்டார் காயில் கருகினால், அந்தப் பருத்தியையும் மிளகாயையும் காப்பாற்றுவது இந்தக் கடைக்காரர்தான். வார்னிஷ் வாசனைக்கு நடுவே உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பெரியவர் என் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். “பழச விடுங்க தம்பி. புதுசாவே ஒண்ணு சுத்தித் தாரேன். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, அது பாக்கட்டும்” என்றார்.

அவள் பார்த்தாள். வோல்ட்டுக்கு 6 சுற்று என்று அவர் கணக்கு வைத்துக்கொண்டார். 230 வோல்ட் உள்ளே வரும் பிரைமரிக்கு மயிர்போல மெல்லிய கம்பியில் 1,380 சுற்று. 14 வோல்ட் வெளியே போகும் செகண்டரிக்குத் தடித்த கம்பியில் 84 சுற்று. சுமை ஏறினால் வோல்டேஜ் குறையுமே என்று மேலும் சில சுற்று. நடுவே இரும்புத் தகடுகள், ஸ்டாம்பிங். இரண்டு சுற்றும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நொடிக்கு 100 முறை திசை மாறும் மின்சாரம் இரும்பைக் காந்தமாக்கி மாற்றி மாற்றிப் புரட்ட, அந்தக் காந்தம் மறு சுற்றில் மின்சாரத்தை எழுப்புகிறது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. அங்கே அது கைக்குள் உருவானது.

அவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். “ரெண்டுக்கும் ஒரே சுத்தா ஆட்டோ வைண்டிங் போட்டா கம்பி மிச்சம், காசும் மிச்சம். ஸ்டெபிலைசர்ல அதான் இருக்கு. ஆனா பிள்ளைக கை வைக்கிற சாமானுக்கு அது ஆகாது. வீட்டுக் கரண்டுக்கும் தண்டவாளத்துக்கும் நேரடித் தொடுப்பு வந்துரும்.” தண்டவாளத்தில் பிள்ளை பயமில்லாமல் கை வைப்பது, தொடாமல் நிற்கும் அந்த இரட்டைச் சுற்றை நம்பித்தான்.

செகண்டரியின் நடுவே 4, 6, 8 என்று 14 வோல்ட் வரை டேப்பிங் எடுத்து ஒரு திருகு சுவிட்சில் கட்டினார். வேகம் அதில். நான்கு டையோடு வைத்து ஏசியை டிசி ஆக்கினார். டையோடிலும் கொஞ்சம் வோல்ட் போய்விடும் என்பதால்தான் 12 வோல்ட் ரயிலுக்கு 14. முன்பின் போக, பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றும் சுவிட்ச் ஒன்று. நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய டபிள்யூஏபி-4 மின் எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான்: டிரான்ஸ்பார்மரில் 32 படி, பிறகு ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர், அதன் பிறகு டிசி மோட்டார். ஓட்டுநர் படிப்படியாக ஏற்றித்தான் வண்டியை எடுப்பார்.

ரயிலை முன்னறையிலிருந்து திண்ணைவரை நீட்டிப் போட்டோம். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி வந்து தண்டவாளத்தில் படியும். சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் ஏறவேண்டும், ஆகவே எஞ்சின் விட்டு விட்டு ஓடும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். துடைத்த பிறகும் திண்ணைக் கோடியில் வண்டி சோர்ந்தது. “மாமா, இங்க வரும்போது மட்டும் ஏன் மெதுவாப் போகுது?” என்று அவள்தான் கேட்டாள். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் இறங்கி, கடைசியில் போதாமல் போகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து தனியாக இரண்டு தடித்த வயரைக் கோடிக்கு இழுத்துக் கொடுத்ததும் வேகம் திரும்பியது.

இது விளையாட்டோடு முடிகிற விஷயம் இல்லை. வைண்டிங் கடைத் தரையில் கிடக்கும் கருகிய மோட்டார்களில் பலவற்றின் கதை இதுதான். லைனின் கடைக்கோடித் தோட்டத்தில் வோல்டேஜ் இறங்குகிறது. பொம்மை எஞ்சின் என்றால் மெதுவாக ஓடிச் சமாளித்துவிடும். பம்ப்செட் மோட்டார் அப்படிச் செய்யாது. அதே தண்ணீரைத் தூக்க அதிக ஆம்பியரை இழுத்துச் சூடேறிக் காயிலை எரித்துக்கொள்ளும். மோட்டார் மட்டம் என்று கம்பெனியைத் திட்டும் சம்சாரிக்கு இது தெரிந்திருந்தால், கையில் ஒரு வோல்ட்மீட்டர் இருந்தால், எத்தனையோ செலவு மிஞ்சும்.

அவளைத் திருச்சுழி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். இப்போது அந்தப் பாதைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. அண்ணாந்து பார்த்தவள், “மேல ஒரு கம்பிதான இருக்கு, இன்னொண்ணு எங்க?” என்றாள். தண்டவாளமேதான் மற்றொன்று, எஞ்சினுக்குள் போன மின்சாரம் சக்கரம் வழியாக இறங்கித் திரும்புகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பெரியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பொம்மை ரயிலின் இரண்டு தண்டவாளத்தையும் விரலால் தொட்டுப் பழகிய பிள்ளைக்கு அது தானாக வருகிறது.

எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆய்வகத்தில் ஒரு எஞ்சினும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கிப் போடுங்கள். டிரான்ஸ்பார்மரைக் கடையில் வாங்க வேண்டாம். பிள்ளைகளை வைண்டிங் கடைக்கு அழைத்துப்போய், அவர்கள் கண்முன்னே சுற்றச் சொல்லி வாங்குங்கள். இரட்டைச் சுற்றாக, ஃப்யூஸ் வைத்து, மூடிய பெட்டியில் கேளுங்கள்.