விளக்கொளிக்கு வரும் விருந்தாளி

கண்டி, அக்குறணைச் சந்தைகளில் திருக்கையைக் கருவாடாகவே கண்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தின் கொம்புத்திருக்கையை உயிரோடு காண மாலைதீவின் ஃபெஸ்தூ களப்புக்குச் செல்ல வேண்டும். இரவில் படகின் விளக்கொளிக்கு மிக நுண்ணிய கடலுயிர்கள் திரளும். அவற்றை உண்ண, அகன்ற சிறகை அசைத்துத் திருக்கைகள் வரும். மூச்சுக்குழாய் அணிந்து மிதப்போரின் கீழே வாய் திறந்து குட்டிக்கரணம் போடும். கொட்டும் வால்முள் இல்லை. அஞ்ச வேண்டாம், தொடவும் வேண்டாம்.

இவை ஒரு பேற்றில் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். மாலைதீவு 2014இல் எல்லாத் திருக்கைகளுக்கும் பாதுகாப்பளித்தது. நம் கடலில் பிடிபட்டவற்றின் செவுள்களோ உலர்ந்து சீனாவுக்குப் போயின, இறைச்சி கருவாடானது.

இனிக் கடைக்காரரிடம் "இது எந்தத் திருக்கை?" என்று கேளுங்கள். கொம்புத்திருக்கை என்றால் வேறு கருவாடு வாங்குங்கள்.