உம்மம்மாவின் பெயர்

தில்லியிலிருந்து ஊர் திரும்பிய இரயில் நாக்பூரைத் தாண்டியபோது தங்கை அழைத்தாள். "காக்கா, உம்மா அழுதுகிட்டே இருக்காங்க." மறைந்த எங்கள் உம்மம்மாவின் பெயரான ஆசியாவைத்தான் அவள் மகளுக்கு வைப்பதாக இருந்தது. மறுநாள் ஏழாம் நாள், அகீகா. அது நபிகள் நாயகம் (ஸல்) மாற்றிய பெயர் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டாராம்.

ஹதீஸ் உண்மையானதே. ஆனால் நபியவர்கள் ஜமீலா என மாற்றிய அப்பெயர் ஐன், ஸாத் எழுத்துகளால் ஆனது. 'மாறு செய்பவள்' என்று பொருள். ஃபிர்அவ்னின் மனைவியார் ஆசியாவின் பெயரிலோ ஹம்ஸாவும் ஸீனும். முழுமை பெற்ற பெண்களென நபிமொழி மர்யமுடன் சேர்த்துச் சொல்வது இவரையே. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. (நான் ஒலியனியல் படித்ததன் பயன் வீட்டாருக்கு அன்றுதான் விளங்கியது.)

உம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்போ எங்க உம்மா பேருல குத்தம் இல்லையே?"

அன்றிரவு இஷாவை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதேன். கடமையான தொழுகைகளின் முன்பின் சுன்னத்துகளைப் பயணத்தில் விட்டுவிட்டவர் இப்னு உமர் (ரலி). வாகனம் செல்லும் திசையிலேயே நபியவர்கள் உபரித் தொழுகை தொழுததை அறிவித்தவரும் அவரே. தெற்கே ஓடிய இரயிலில், கீழ் பெர்த்தில் அமர்ந்தபடி இரண்டு ரக்அத் நஃபில் தொழுது, உம்மம்மாவுக்காகத் துஆ செய்தேன்.