25 அங்குலத் துப்பாக்கி

இங்கிலீஷ்காரர்களிடம் ‘களிமண் புறா’ என்று ஒரு பட்சி உண்டு. அதில் களிமண்ணும் கிடையாது, புறாவும் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து அச்சில் வார்த்த தட்டு அது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. நிறை 105 கிராம். ஒரு யந்திரம் அதை ஆகாயத்தில் வீசுகிறது. மனிதர்கள் காசு கொடுத்து அதைச் சுட்டு உடைக்கிறார்கள். முன்காலத்தில் நிஜப் புறாக்களையே பெட்டியில் அடைத்துத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். பிறகு கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880-ல் அமெரிக்காவில், சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சூளையில் சுட்ட மண்தட்டு ஒன்றைச் செய்து புறாக்களுக்கு விமோசனம் தேடிக் கொடுத்தார். பிற்பாடு மண் போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதனால் என்ன? நம் மண்ணெண்ணெயில் மண்ணா இருக்கிறது?

இந்தத் தட்டைச் சுட எத்தனை நீளமான துப்பாக்கி வேண்டும் என்பதில் அந்த ஊரில் நூறு வருஷமாக ஒரு வழக்கு நடக்கிறது. வடகலை தென்கலை வழக்குக்குச் சற்றும் இளைத்ததல்ல. ஆரம்பித்து வைத்தவர் ராபர்ட் சர்ச்சில். யுத்தகாலப் பிரதம மந்திரி அல்லர். லண்டனில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர். குள்ளமான, பருத்த சரீரம். 1927-ல் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், தோட்டாவின் அடியிலிருந்த தழும்பைப் படித்து இன்ன துப்பாக்கிதான் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர். துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் அவருக்கு ஒரு கும்பிடு போடவேண்டும்.

அந்த நாளில் ரவைத் துப்பாக்கிக்குக் குழல் 28 அங்குலம், 30 அங்குலம் என்பது சாஸ்திரம். கரிமருந்து காலத்தில் மருந்து முழுவதும் எரிய நீளம் வேண்டியிருந்தது. புகையில்லா மருந்து வந்தபின் அந்தக் காரணம் செத்துவிட்டது, சாஸ்திரம் சாகவில்லை. சர்ச்சில் துணிந்து 25 அங்குலத்தில் குழல் செய்தார். பார்வைக்குக் குட்டையாகத் தெரியாமலிருக்க, குழல்களுக்கு நடுவே நுனி நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் உயர்ந்த பட்டை ஒன்றையும் வைத்தார். ‘கொள்ளைக்காரன் அறுத்த துப்பாக்கி’ என்று சிரித்தவர்களும் உண்டு, வாங்கியவர்களும் உண்டு. இன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் சாதாரண லைசென்ஸுக்குக் குழல் 24 அங்குலமாவது இருக்கவேண்டும். ஓர் அங்குலத்தில் தப்பித்துக்கொண்டது அவருடைய சரக்கு!

குழல் குட்டையானால் ரவையின் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. ரவை எவ்வளவு சிதறும் என்பதும் குழல் வாயின் இறுக்கத்தைப் பொறுத்தது, நீளத்தையல்ல. வித்தியாசம் கையில்தான். குறுக்கே பறக்கும் தட்டுக்குச் சில அடி முன்னால் சுடவேண்டும். சுட்ட பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். விசையை இழுக்கிற கணத்தில் கை நின்றால் ரவை தட்டுக்குப் பின்னால் போய்விடும். நீளத் துப்பாக்கி திருவாரூர்த் தேர் மாதிரி: கிளப்புவது கஷ்டம், கிளம்பினால் முட்டுக்கட்டை போட்டாலொழிய நிற்காது. குட்டைத் துப்பாக்கி சட்டென்று புறப்படும், சட்டென்று நின்றும்விடும். ஆகவே தட்டுச் சுடுகிறவர்கள் இன்று 30, 32 அங்குலத்தையே நாடுகிறார்கள். நியாயமும் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான்.

2018-ல் வில்ட்ஷயரில் ஒரு கிராமத்தில் ஆறு வாரம் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாளுக்கு 71 வயது. முப்பது வருஷமாக 30 அங்குலக் குழல் கட்சி. காலஞ்சென்ற கணவரோ 25 அங்குலக் கட்சி. அவருடைய துப்பாக்கியை ‘பொம்மை’ என்றே சொல்லி வந்தாளாம். “கல்யாணமான நாள் முதல் இது ஒன்றுக்குத்தான் சண்டை. மற்றதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை” என்றாள்.

அந்த வருஷம் அவளுக்குத் தோளில் சத்திர சிகிச்சை ஆயிற்று. எட்டு ராத்தல் துப்பாக்கியைத் தூக்கக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். வீட்டில் வேறே இருந்தது ஆறே ராத்தல் எடையுள்ள அந்தப் பொம்மைதான். அதையாவது எடுக்கவேண்டும், அல்லது ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தேநீர் ஊற்றவேண்டும். இலேசான துப்பாக்கி தோளைப் பலமாக உதைக்குமே என்றேன். வழக்கமான 28 கிராம் ரவைக்குப் பதிலாக 21 கிராம் தோட்டா வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். அம்மாள் எல்லாம் யோசித்திருந்தாள்.

மைதானத்துக்கு நானும் போனேன். “புல்!” என்று கத்தினாள். காலடியில் புல்லைப் பார்த்தேன். இழு என்று அர்த்தமாம். கயிற்றை இழுத்துத் தட்டு விட்ட காலத்துச் சொல். தட்டு பறந்தது, வெடித்தது, தட்டு முழுசாகப் போய் விழுந்தது. பயிற்சியாளர் பின்னால் நின்று, “பின்னால், மேடம்” என்றார். அடுத்ததற்கும் “பின்னால், மேடம்.” பத்தில் இரண்டு உடைந்தது. பழைய துப்பாக்கியில் எட்டுக்குக் குறைந்ததில்லையாம். பக்கத்து மேடையில் இரண்டு வாலிபர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது சிரிப்பதைவிட மோசம்.

அம்மாள் துப்பாக்கியை மடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு, யாரிடமோ சலித்துக்கொள்கிற குரலில், “சரி, தட்டைத்தான் பார்க்கிறேன், துப்பாக்கியைப் பார்க்கவில்லை, போதுமா?” என்றாள். சர்ச்சிலின் உபதேசம் அதுதான்: கணக்குப் போடாதே, கண்ணைத் தட்டிலிருந்து எடுக்காதே, கை தானே போகும். கணவர் முப்பது வருஷமாக ஓதிக்கொண்டிருந்ததும் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மிச்சம் பதினைந்தில் ஒன்பது உடைந்தது. ஒன்று கரும்புகையாகவே போயிற்று. “பின்னால்” என்று சொல்ல வாயைத் திறந்த பயிற்சியாளர் அப்படியே மூடிக்கொண்டார்.

திரும்பும்போது அவர், நீளத் துப்பாக்கிக்கு ஓர் ஆள் விலை கேட்டிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நாளைக்கே வரச் சொல்லுங்கள்” என்றாள் அம்மாள். “இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.”

அப்புறம் கடைக்குள் போய் 21 கிராம் தோட்டா இன்னும் நாலு பெட்டி வாங்கினாள். தூக்கி வரும் வேலை எனக்கு.