பனிநாட்டில் ஒரு கிவிக் கொடி

ஃபுரானோவின் லாவண்டர் தோட்டங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையில் போக வேண்டும். எனக்கு விடுமுறை கிடைத்ததோ செப்டம்பர் கடைசியில். பூ இல்லாத ஊரில் என்னைக் கட்டிப்போட்டது, நான் தங்கியிருந்த விவசாய வீட்டின் பின்புறத்தில் இரும்புக் குழாய்ப் பந்தல் நிறையப் படர்ந்திருந்த ஒரு கொடி.

காய்கள் பெரிய திராட்சை அளவு. தோலில் முடி கிடையாது, அப்படியே வாயில் போடலாம். கடித்தால் உள்ளே கிவிப் பழமேதான்! அதே பச்சை, அதே கறுப்பு விதைகள், இனிப்பு மட்டும் ஒரு படி கூடுதல். ஹொக்கைடோவில் இதைக் 'கொகுவா' என்கிறார்கள். ஜப்பானின் மற்றப் பகுதிகளில் 'சாருநாஷி', அதாவது குரங்குப் பேரிக்காய்.

நம் பேரங்காடியில் கிடைக்கும் முடி வைத்த கிவியின் பூர்வீகம் சீனா. 1904இல் அதன் விதை நியூசிலாந்துக்குப் போனது, கிவி என்ற பெயர் 1959இல்தான் வந்தது. அந்தக் கொடி இந்தக் குளிரில் பிழைக்காது. பக்கத்து அசாஹிகாவாவில் 1902 ஜனவரியில் வெப்பநிலை மைனஸ் 41 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. கொகுவா இந்த மலைகளிலேயே பிறந்த கொடி. இலையுதிர்ந்து உறங்கும்போது மைனஸ் 30 வரை தாங்கும்.

அதற்கு எமன் வசந்தம்தான். மே மாதத்தில் தளிர் விட்ட பிறகு ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் தளிர் கருகிவிடும். பூ வருவது அந்தத் தளிரில்தான் என்பதால் அந்த ஆண்டு காயும் இல்லை. வீட்டுக்காரப் பாட்டி மே முழுக்க வானிலைச் செய்தி கேட்டுவிட்டுத்தான் படுப்பாராம். குளிர் இறங்கும் என்றால் பழைய போர்வைகளைப் பந்தல்மேல் விரிப்பார்.

ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் காய்க்காது. ஆனால் அது பக்கத்தில் இல்லாவிட்டால் பெண்ணும் காய்க்காது. நட்டுப் பலன் பார்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஒரே பருவத்தில் பல மீட்டர் ஓடும் என்பதால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் சாறு ஏறும் முன்பே வெட்ட வேண்டும், தாமதித்தால் வெட்டிய இடத்தில் நீர் சொட்டும். பிப்ரவரியில் முற்றத்தில் ஒரு மீட்டர் பனி கிடப்பதால் பாட்டிக்கு ஏணி தேவையில்லை. பனிமேல் நின்றே வெட்டிவிடுவார்.

கொடியின் வலுவைப் பார்க்க வேண்டுமானால் ஷிக்கோக்கு தீவின் இயா பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே 45 மீட்டர் நீளத் தொங்கு பாலத்தை இதே கொடியால்தான் பின்னியிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள்.

இந்தக் கொடியை வெட்டிவிடச் சொல்லி அக்கம்பக்கத்தார் பாட்டியிடம் இரண்டு முறை பேசிவிட்டார்களாம். காரணம் கரடி. ஹொக்கைடோவின் பழுப்புக் கரடிக்கு இலையுதிர் காலத்தில் கொகுவா என்றால் உயிர். இப்போதெல்லாம் அவை ஊருக்குள்ளும் வருகின்றன. பழுத்த வாசனை ஒரு வீட்டிலிருந்து வந்தால் தெருவுக்கே ஆபத்து.

"அவர்கள் சொல்வது சரிதான்" என்றார் பாட்டி. என் கைப்பேசிதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் நட்டவர் என் கணவர்" என்றார்.

வெட்டுவதற்குப் பதில், பழுக்கும் முன்பே பறித்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறார். விதை கறுத்துவிட்டால் காய் கெட்டியாக இருக்கும்போதே பறிக்கலாம், வீட்டுக்குள் வைத்தால் பழுத்துவிடும். தாத்தா இருந்தவரை உச்சியில் கொஞ்சம் பறவைகளுக்கென்று விடுவாராம். இப்போது ஒன்றுகூட விட முடியாது.

மறுநாள் காலை நானும் சேர்ந்து பறித்தேன். மதியத்துக்குள் நாலு வாளி நிறைந்தது. உச்சிக் கிளையில் ஐந்தாறு காய்கள் எட்டாமல் நின்றன. பாட்டி உள்ளே போய், நம் ஊர்த் துறட்டி மாதிரி ஒரு கழியைக் கொண்டுவந்து, கிளையை வளைத்து அவற்றையும் பறித்தார்.