கமுதிக்கு ஒரு டிக்கெட்!

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் வழி முழுக்க ஒரே சீன்தான். கரிசல் மண், சீமைக் கருவேல், மண்டையைப் பிளக்கிற வெயில். ரமணர் பிறந்த ஊராச்சே என்று வெளியூர்க்காரர்கள் திருச்சுழியிலேயே இறங்கிவிடுவார்கள். நீங்க கமுதி வரைக்கும் டிக்கெட் எடுங்க, ஸார்!

அங்கே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897 மே மாதம் இருளப்ப நாடார் தலைமையில் ஒரு சிறு கூட்டம் நுழைந்தது. சாமி கும்பிடத்தான்! 'நாடார்களுக்கு உள்ளே இடமில்லை' என்று கேஸ். போட்டவர் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. ஆமாம், விவேகானந்தர் 1893-ல் சிகாகோ போக உதவினாரே, அதே மன்னர்தான்!

மதுரை, சென்னை என்று அலைந்த கேஸ், கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கே போனது. 1908-ல் தீர்ப்பு. வழக்கம்தான் பெரிசு, நாடார்களுக்கு அனுமதி இல்லை! வெள்ளைக்கார சர்க்காருக்கு, வரி கட்டும்போது மட்டும் எல்லோரும் சமம்.

தோற்றவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1910-ல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட தோழர்களும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். சட்டம் அதற்குப் பின்னால்தான் மூச்சிரைக்க ஓடி வந்தது!

இன்றைக்குச் சட்டப்படி செருப்பை மட்டும் வெளியே விட்டால் போதும். கமுதிக் கோயில் படியைத் தாண்டும்போது, அந்தப் பதினோரு வருஷக் கேஸை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.